அப்பாவின் துரியோதனன் வேஷமும் சி டிரைவின் சிவப்புக் கோடும்

2019 ஜூன் மாதம். மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தது. காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா ரக மாங்காய் லோடு ராத்திரி பகல் என்றில்லாமல் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். எந்த வண்டியில் எத்தனை டன் போனது, காய் பறிக்க வந்தவர்களுக்கு எவ்வளவு கூலி, தோட்டக்காரருக்கு எவ்வளவு முன்பணம் என்று எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்செலில் ஏற்றுவது என் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை, முந்தின நாள் கணக்கைச் சேமிக்கப் போனேன். டிஸ்க்கில் இடம் போதாது என்று சொல்லி நின்றுவிட்டது.

மை கம்ப்யூட்டரைத் திறந்தால் சி டிரைவின் கோடு முழுக்கச் சிவப்பு. 97.6 ஜிபியில் 400 எம்பிகூட மிச்சமில்லை. டி டிரைவில் தாராளமாக இடம் இருந்தது, ஆனால் விண்டோஸ் இருப்பது சி-யில். அது மூச்சுவிட இடமில்லாவிட்டால் எக்செல் என்ன, எதுவுமே நகராது. வாசலில் ஓட்டுநர் சீட்டுக்காக நின்றுகொண்டிருந்தார். இந்த அவசரம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

சி-யில் என் கண்ணுக்குத் தெரிந்த பெரிய பொருள் ஒன்றே ஒன்று. டெஸ்க்டாப்பில் 'அப்பா படுகளம்' என்ற ஃபோல்டர், 13 ஜிபி.

எங்கள் அப்பா தெருக்கூத்துக்காரர். திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும்போது, கடைசி நாள் படுகளத்துக்குத் துரியோதனன் வேஷம் கட்டுவார். இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மண்ணில் துரியோதனன் உருவத்தை மலையாகப் படுக்கவைத்து, அதன்மேல் ஏறி ஓடி வீமனோடு சண்டை நடக்கும். 2012 வைகாசியில் என் தம்பி ஒரு ஹேண்டிகேமை இரவல் வாங்கிவந்து எடுத்தான். ஏழு துண்டுகளாக, மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம். அரிதாரம் பூசுவதிலிருந்து தொடங்கும். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி முடித்ததும் அப்பா ஒரு முறை கேமராவைப் பார்ப்பார். 2016-இல் அப்பா போய்விட்டார். அவர் குரல் வேறு எங்கும் பதிவாகி இருக்கவில்லை.

அதைப் போய் எப்படி அழித்தேன் என்று கேட்பீர்கள். டி டிரைவிலும் 'அப்பா படுகளம்' இருந்தது. போன வாரம்கூட அதை இரட்டைச் சொடுக்கு சொடுக்கிப் பார்த்திருக்கிறேன், திறந்தது. அங்கே ஒரு பிரதி இருக்கிறது, டெஸ்க்டாப்பில் இருப்பது உபரி என்று முடிவுகட்டி, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலிட்டைத் தட்டினேன். ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் நேராகப் போய்விட்டது. சிவப்பு நீலமானது. சீட்டு அடித்துக் கொடுத்தேன். வண்டி புறப்பட்டது.

வியாழக்கிழமை அம்மா வீட்டுக்கு வந்தார். வரும்போதெல்லாம் கொஞ்ச நேரம் "அப்பாவப் போடும்மா" என்பார். டி-யில் இருந்ததைச் சொடுக்கினேன். இந்த ஷார்ட்கட் சுட்டும் பொருள் இல்லை என்று ஒரு சின்னச் சதுரம் வந்தது. மறுபடி சொடுக்கினேன். மறுபடியும் அதே சதுரம். அப்போதுதான் அந்த ஐகானின் இடது கீழ் மூலையில் இருந்த குட்டி அம்புக்குறியைப் பார்த்தேன். டி-யில் இருந்தது ஃபோல்டர் இல்லை, டெஸ்க்டாப்பில் இருந்ததைக் கைகாட்டும் பலகை மட்டுமே. அதன் அளவு 1 கேபி. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட். ஒரு பிரதியை நம்பி இன்னொன்றை அழிக்கும் முன், இரண்டின் மேலும் வலது சொடுக்கிட்டுப் பிராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். 13 ஜிபிக்கு 13 ஜிபி இருக்க வேண்டும். ஐந்து நொடி வேலைதான்.

ஓசூரில் வேலை பார்க்கும் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் என்னைத் திட்டவில்லை. "அக்கா, எதையும் தொடாத. ஷட்டவுன்கூடப் பண்ணாத, அப்டேட்ட எழுத ஆரம்பிச்சிடும். அப்படியே பிளக்கப் புடுங்கிடு. ஞாயித்துக்கிழமை வரேன்" என்றான். அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் எனக்குத் தூக்கமில்லாமல் செய்தது. டெலிட் செய்தால் ஃபைல் உடனே அழிந்துபோவதில்லை. அந்த இடம் காலி என்று ஒரு குறி மட்டும் விழும். உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். வேறு ஏதாவது வந்து அதன்மேல் எழுதும் வரைக்கும்தான் அது உயிரோடு இருக்கும்.

"அழிச்சதுக்கப்புறம் சி-யில இப்ப எவ்ளோக்கா காலி இருக்கு?" என்று கேட்டான். திங்கட்கிழமை 13 ஜிபி காலியானதல்லவா, பிளக்கைப் பிடுங்கும் முன் பார்த்தேன். 2 ஜிபிதான் இருந்தது. மூன்று நாளில் நான் சேர்த்தது நாலைந்து எக்செல் ஷீட்டுகள். வேறு எதுவோ 11 ஜிபியைத் தின்றிருந்தது. தின்ற இடம் அப்பா படுத்திருந்த இடம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி லேப்டாப்பும், ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் கேபிளும், ஒரு வெளி டிரைவும் கொண்டுவந்தான். எங்கள் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினான். தொலைந்ததைத் தேடும் மென்பொருளை, தொலைந்த டிஸ்க்கிலேயே நிறுவக் கூடாது. மீட்டு எடுப்பதையும் அதே டிஸ்க்கில் சேமிக்கக் கூடாது. இரண்டுமே மேலே எழுதுவதுதான். அவன் பயன்படுத்தியது போட்டோரெக் என்ற இலவச மென்பொருள். பெயர்தான் போட்டோ, வீடியோவையும் தேடும். ஃபைல்களின் பழைய பெயர்கள் கிடைக்காது, எண்கள் மட்டும் கிடைக்கும். மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும் வரை ஓடியது. ஆயிரக்கணக்கில் குப்பைப் படங்களோடு, எங்கள் ஏழு துண்டுகளில் மூன்று முழுசாக வந்தன. இரண்டு பாதி பாதியாக வந்தன. மற்ற இரண்டும் இல்லவே இல்லை. அரிதாரம் பூசும் பகுதி கிடைத்தது. அப்பா கேமராவைப் பார்ப்பதும் கிடைத்தது.

எது தின்றது என்று பார்க்காமல் தம்பி கிளம்பவில்லை. இந்தப் பகுதியைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமையே நான் செய்திருக்க வேண்டிய ஒரு கணக்கை அவன் செய்துகாட்டினான். சி-யைத் திறந்து, கண்ணுக்குத் தெரியும் எல்லா ஃபோல்டர்களையும் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸில் மொத்த அளவைப் பார்த்தோம். 54 ஜிபி. ஆனால் சி-யில் பயன்பாட்டில் இருப்பதாக விண்டோஸ் சொல்வது 95. நடுவில் 41 ஜிபி எங்கே? மறைந்திருக்கும் ஃபைல்களையும், நமக்கு நுழைய அனுமதி இல்லாத ஃபோல்டர்களையும் அந்தக் கூட்டல் எண்ணுவதில்லை. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தால், உங்கள் போட்டோவையும் பாட்டையும் அழித்து ஒரு பயனும் இல்லை. குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறான்.

அவனைக் காட்டுவதற்கு வின்டிர்ஸ்டாட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ட்ரீசைஸ், விஸ்ட்ரீ ஆகியவையும் அதே வேலையைச் செய்யும். வலது சொடுக்கிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டிய அறைகளுக்குள் அதுவும் போகாது. டிஸ்க் முழுவதையும் ஒரு வயல் படம் போலப் பாத்தி பாத்தியாகக் கட்டிக் காட்டும். பெரிய ஃபைலுக்குப் பெரிய பாத்தி. எங்கள் படத்தில் வலது பக்கம் பூராவும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், செங்கல் அடுக்கினாற்போல நூற்றுக்கணக்கான சின்னப் பாத்திகள். ஒன்றைச் சொடுக்கினோம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் டெம்ப் ஃபோல்டர். 'கேப்' என்று தொடங்கி எண்களோடு முடியும் பெயர்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 எம்பி. முந்நூற்று நாற்பதுக்கும் மேல்.

இது விண்டோஸ் 7-இல் பலரைப் பாடுபடுத்திய ஒரு கோளாறு. அப்டேட்டுகளை நிறுவும் பகுதி, தான் செய்வதையெல்லாம் சிபிஎஸ் என்ற பதிவேட்டில் எழுதிக்கொண்டே வரும். பதிவேடு ஓர் அளவைத் தாண்டினால் அதைச் சுருக்கிக் கட்டிவைத்துவிட்டுப் புதிது தொடங்கும். எப்போதாவது அது 2 ஜிபிக்கு மேல் வளர்ந்துவிட்டால், சுருக்கும் கருவியால் அவ்வளவு பெரியதைக் கையாள முடியாது. பாதியில் தோற்று, அதுவரை சுருக்கிய துண்டை டெம்ப்பில் போட்டுவிட்டுப் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும், மறுபடி தோற்கும், இன்னொரு 100 எம்பி. கம்ப்யூட்டர் ஓடும் வரை இது நடக்கும். நீங்கள் எவ்வளவு இடம் ஒழித்துக் கொடுத்தாலும் அவ்வளவையும் நிரப்பும். அப்பாவின் இரண்டு துண்டுகள்மேல் எழுதப்பட்டது இந்தப் பயனற்ற குப்பைதான்.

தீர்வு பத்து நிமிடம். டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலரை நிறுத்தினோம். விண்டோஸ் ஃபோல்டரில் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ், அங்கே இருந்த அந்த 2 ஜிபிக்கு மேற்பட்ட பழைய பதிவேட்டை அழித்தோம். பிறகு டெம்ப்பில் இருந்த கேப் ஃபைல்களை அழித்தோம். டெம்ப்பை மட்டும் காலிசெய்து பதிவேட்டை விட்டுவைத்தால் மறுநாளே மறுபடி தொடங்கும், வரிசை முக்கியம். 34 ஜிபி திரும்பி வந்தது. ஒரு வாரம் தினமும் பார்த்தேன், அசையவில்லை.

மீதிப் பள்ளத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று ஹைபர்னேட் ஃபைல். கம்ப்யூட்டரைத் தூங்கவைக்கும்போது ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவைக்க விண்டோஸ் முன்கூட்டியே பிடித்துவைக்கும் இடம் அது. எங்கள் 4 ஜிபி ரேமுக்கு 3 ஜிபி. நான் ஹைபர்னேட் செய்வதே இல்லை என்பதால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பவர்சிஎஃப்ஜி ஹெச் ஆஃப்' (powercfg -h off) கட்டளையைத் தம்பி ஓர் எழுத்து ஓர் எழுத்தாகச் சொல்லச் சொல்லத் தட்டினேன். ஃபைல் அப்போதே மறைந்தது. லேப்டாப் வைத்திருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள், பேட்டரி தீரும் நேரத்தில் அது கைகொடுக்கும். இன்னொன்று சிஸ்டம் ரெஸ்டோர், பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்துவைக்கும் பிரதிகள். அதை முழுக்க அணைக்காதீர்கள். சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனில் உச்ச வரம்பைக் குறைத்துவைத்தால் போதும். நாங்கள் 3 ஜிபியில் நிறுத்தினோம்.

வின்டிர்ஸ்டாட்டில் பெரிதாகத் தெரிகிறதே என்று எல்லாவற்றிலும் கைவைக்கக் கூடாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரைக் கையால் அழித்தால், பிறகு மென்பொருள்களை நீக்கவும் முடியாது, புதுப்பிக்கவும் முடியாது. வின்எஸ்எக்ஸ்எஸ் என்று இன்னொன்று பூதம் மாதிரி தெரியும். அதில் இருப்பவற்றில் பல, வேறு இடத்தில் இருக்கும் அதே ஃபைல்களின் இன்னொரு பெயர்கள்தான், அதனால் உண்மையைவிடப் பெரிதாகக் காட்டும். அதைச் சுருக்க டிஸ்க் கிளீனப்பில் 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' பொத்தான் வழியாகத்தான் போக வேண்டும்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அடுத்த மாதம் விண்டோஸ் 10-ஐ நிறுவினோம். நிறுவியதும் மறுபடி சி சுருங்கியது. இந்த முறை நான் எதையும் அழிக்கவில்லை, முதலில் பார்த்தேன். 'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்று பழைய விண்டோஸ் முழுசாக ஒரு ஃபோல்டரில் இருந்தது. பிடிக்காவிட்டால் திரும்பிப் போக வசதியாகப் பத்து நாள் வைத்திருக்கும், பிறகு தானே போய்விடும். அவசரமென்றால் அதே டிஸ்க் கிளீனப்பில் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்ற வரியில் டிக் போடலாம். ஓகே தரும் முன் மற்ற டிக்குகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சில விண்டோஸ் 10 பதிப்புகளில் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருந்தது.

அந்த வருடம் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. பழைய ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்ததால், கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் 1 டிபி டிஸ்க் வாங்கி, பழையதை அப்படியே அதற்கு மாற்றித்தரச் சொன்னோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் சி 97, டி 368. பழைய 500 ஜிபி டிஸ்க்கில் இருந்த அதே எண்கள். பணம் கொடுத்தது இரண்டு மடங்கு இடத்துக்கு. கடையில் கேட்டால் "எல்லாம் சரியாத்தான் ஏறியிருக்கு" என்றார்கள். என் கணவருக்குக் கோபம், பழைய டிஸ்க்கையே திருப்பிக் கொடுத்துவிட்டார்களோ என்று.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருந்தன. முதலாவது ஏமாற்று இல்லை. டிஸ்க் செய்பவர்கள் 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்று எண்ணுகிறது. ஒன்றை மற்றதால் வகுத்தால் 931 வரும். 1 டிபி வாங்கினால் 931, 500 வாங்கினால் 465. இதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

இரண்டாவது, உண்மையிலேயே தொலைந்த இடம். விண்டோஸ் பொத்தானில் வலது சொடுக்கிட்டால் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று வரும். அதில் டிஸ்க் ஒரு நீளப் பட்டையாகத் தெரியும். சி, டி இரண்டும் நீலத் தலையோடு இருந்தன. அதற்கு வலப்புறம் கறுப்புத் தலையோடு, யாருக்கும் ஒதுக்காமல், 465 ஜிபி தரிசு நிலமாகக் கிடந்தது. கடையில் பிரதியெடுத்ததோடு விட்டுவிட்டார்கள். இதைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும் என்று நமக்கும் தெரிவதில்லை.

டி-யில் வலது சொடுக்கி 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுத்தால் அந்தத் தரிசு டி-யோடு சேர்ந்துவிடும். எனக்கோ இடம் வேண்டியது சி-க்கு. சி-யில் அந்த வரி வெளுத்துப்போய் அழுத்த முடியாமல் இருந்தது. காரணம், விண்டோஸ் தன் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளும், நடுவில் டி வரப்பாக நின்றது. பல கம்ப்யூட்டர்களில் சி-யை ஒட்டி அரை ஜிபி அளவில் ஒரு ரெக்கவரி பகுதி இருக்கும், அதுவும் இப்படித் தடுக்கும். எங்களுடையதில் அது இல்லை. டி-யில் இருந்ததை முழுவதும் வெளி டிரைவில் பிரதியெடுத்தோம். அளவைச் சரிபார்த்தேன். ஃபோல்டருக்கு இரண்டு மூன்று என்று நானே திறந்து பார்த்தேன். அப்பாவின் ஐந்து துண்டுகளையும் முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் டி-யை நீக்கினேன். சி-யில் 100 ஜிபி சேர்த்தோம். மிச்சம் 733 ஜிபிக்குப் புதிய டி. பிரதியெடுக்கத்தான் ஒரு ராத்திரி ஆனது.

இப்போது புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும், சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டிதான் வாங்குகிறீர்கள். வேகம் நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றை மனத்தில் வையுங்கள். எஸ்எஸ்டியில் அழித்தால், காலியான இடங்களை விண்டோஸ் டிஸ்க்குக்கு உடனே சொல்லிவிடும், அது தானாகவே துடைத்துவிடும். எங்களுக்கு ஹார்ட் டிஸ்க்கில் ஐந்து துண்டுகளாவது திரும்பி வந்தன. எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் ஒன்றுகூட வந்திருக்காது என்கிறான் தம்பி. அந்த ஐந்தும் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. எங்கள் டி-யில், பீரோவில் உள்ள வெளி டிரைவில், ஓசூரில் தம்பி வீட்டில்.

போன வைகாசியில், அப்பாவோடு வீமன் கட்டியவர் வீட்டுக்கு வந்தார். எழுபது தாண்டியவர். போட்டுக்காட்டினேன். பாதியாக மீண்ட துண்டுகளில் ஒன்று, அப்பா விருத்தத்தை எடுத்த ஏழாவது நிமிடத்தில் கட்டம் கட்டமாக உடைந்து, முகம் பச்சையாகி நின்றுவிடும். நான் கையை நீட்டி நிறுத்தப் போனேன். அவர் தடுத்தார். அப்பா விட்ட அடியிலிருந்து அந்த விருத்தத்தை அவரே தொடர்ந்து பாடினார், துரியோதனன் பாட்டை, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு. அம்மா உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றுவிட்டார். போனில் பதிவு செய்தேன். 6 எம்பி. அன்றைக்கு ராத்திரியே மூன்று இடங்களிலும் ஏற்றி, மூன்றிலும் திறந்து கேட்டுவிட்டுத்தான் படுத்தேன்.